மேஜர் அசையவில்லை

மனதில் உள்ள பாரத்தைக் குதிரையின் காதில் சொல்ல வேண்டுமாம். அன்றைய பாடம் அது. லேலண்ட் ப்ரூவிட் நாற்பத்திரண்டு வயதுக்குள் எத்தனையோ கண்றாவிகளைப் பார்த்தவன். ஈராக்குக்கு இரண்டு தடவை போய்வந்த சார்ஜென்ட். ஆனால் நெப்ராஸ்காவின் ஒரு புல்மேட்டில், வட்ட வேலிக்குள் நின்று, குதிரையோடு குசுகுசுக்கச் சொல்லி அவனை இதுவரை எவரும் கேட்டதில்லை. பட்டாளத்தில்கூட இவ்வளவு மட்டமான உத்தரவு வந்ததில்லை என்று நினைத்துக்கொண்டான்.

குதிரைக்குப் பெயர் மேஜர். அதுவே முதல் எரிச்சல். முகம் முழுக்க வெள்ளை, கண் இரண்டும் நீலம், போட்டோவுக்கென்றே பிறந்த மூஞ்சி. பண்ணையை நடத்தும் மெரிடித் காலோவே அந்த மூஞ்சியைப் பார்த்துத்தான் அதை வாங்கினாள். அதற்கு முன்பு சந்தைகளில் குழந்தைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்த காலத்தில் அதன் பெயர் பிஸ்கட். போர்வீரர்களின் மனக்காயத்தைப் பிஸ்கட் என்ற குதிரை ஆற்றுகிறது என்று சொன்னால் எந்தப் பணக்காரன் செக் எழுதுவான்? அதனால் ஒரே நாளில் பதவி உயர்வு கொடுத்து மேஜர் ஆக்கிவிட்டாள். லேலண்ட் பல வருஷம் புழுதி தின்று சார்ஜென்ட்டோடு நின்றவன். இது புல்லைத் தின்றே மேஜர் ஆகிவிட்டது.

"சல்யூட் அடிச்சுட்டுப் பேசுடா தம்பி. மேலதிகாரி நிக்கிறாருல்ல," என்றார் வேலிக்கு வெளியே உட்கார்ந்திருந்த ஆர்வில் டேக்கட். வியட்நாமில் சண்டை போட்ட கிழவர். குதிரை வைத்தியத்தில் அவருக்கு நம்பிக்கையும் கிடையாது, அவநம்பிக்கையும் கிடையாது. வியாழக்கிழமைகளில் பண்ணையில் சில்லி என்கிற பீன்ஸ் கறிக்குழம்பும் லவங்கப்பட்டை ரொட்டியும் இலவசம், அதற்காக வருகிறேன் என்று முகத்துக்கு நேராகவே சொல்லுவார். அந்தப் பண்ணையில் உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான்.

மெரிடித் டென்வரில் வீடு விற்றுக்கொண்டிருந்தவள். புருஷனைப் பிரிந்தபோது கிடைத்த பணத்தில் புல்மேட்டை வாங்கி, நாலு குதிரைகளைக் கட்டி, வாசலில் 'அசையா நெஞ்சம்' என்று பலகை மாட்டிவிட்டாள். வீடு விற்றபோது ஒழுகும் கூரையை வானம் பார்க்கும் வசதி என்று சொல்லி விற்றிருப்பாள், சந்தேகமில்லை. அவளிடம் எதற்கும் ஒரு விளக்கம் தயாராக இருக்கும். மேஜரை எத்தனை தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாது. "அவன் கட்டளைக்கெல்லாம் வரமாட்டான். உங்க இதயம் கூப்பிட்டாத்தான் வருவான்," என்பாள். பின்பக்கமாகப் போய்த் தொட்டால் துள்ளிக் காலை உதறும். "அவனுக்கும் உங்கள மாதிரியே பழைய காயம் இருக்கு. நேருக்கு நேரா வர்றவங்களத்தான் நம்புவான்," என்பாள். கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இப்படியும் காதில் பூச் சுற்ற முடியுமா என்று லேலண்டுக்கு வாய் வரைக்கும் வரும். அடக்கிக்கொள்வான்.

அடக்கிக்கொண்டதற்குக் காரணம் பஸ். பள்ளிக்கூட பஸ், மஞ்சள் நிறம், ஹீட்டர் ஒரு பக்கம்தான் வேலை செய்யும். பட்டாளத்திலிருந்து வந்தபின் எந்த வேலையிலும் தரிக்காதவன் அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்த பிறகுதான் மனுஷனானான். விடிகிற நேரத்தில் மண்சாலைகளில் போய், ஒவ்வொரு வீட்டு முக்கிலும் மூக்கு ஒழுகி நிற்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருவான். பின் இருக்கையில் அடிதடி நடக்கும், நடுவில் ஒன்று பாடும், முன்னால் உட்காரும் யோடர் வீட்டு மெய்ஸி அவனிடம் தன் பூனையின் வியாதிகளைப் பற்றி விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே வருவாள். அந்தச் சத்தத்துக்குள் இருக்கும்போதுதான் அவனுக்கு மூச்சு சீராக வரும். அந்தப் பிள்ளைகள்மேல் அவனுக்கு உயிர்.

போன பிப்ரவரியில் சாலை நடுவில் ஒரு கறுப்புப் பை கிடந்தது. லேலண்ட் பிரேக்கை மிதித்தான். பின்கதவைத் திறந்து எல்லாப் பிள்ளைகளையும் இறக்கி, ஓடவிட்டு, ஓடைப் பள்ளத்துப் பனியில் குப்புறப் படுக்க வைத்தான். தலையைத் தூக்கினால் தொலைத்துவிடுவேன் என்று கத்தினான். பையில் இருந்தவை யாரோ தூக்கிப் போட்ட பழைய துணிகள். பிள்ளைகளுக்கு அது ஏதோ விளையாட்டு, மறுநாளும் படுக்கலாமா என்று கேட்டார்கள். அம்மாக்களுக்கு அப்படி இல்லை, அவர்கள் புகார் செய்ததில் பஸ் அவன் கையைவிட்டுப் போயிற்று.

பஸ்களுக்குப் பொறுப்பு ட்ரூடி ஹாஸ்கெல். லேலண்ட் பையனாக இருந்தபோது அவனையே பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போனவர். அதிகம் பேசமாட்டார். "அந்தப் பண்ணையில போய் முழுசா முடிச்சுட்டு வா. அந்தம்மா சரின்னு சொன்னா சாவி உன் கையில. இல்லேன்னா என்னை மன்னிச்சுடுப்பா," என்று சொல்லிவிட்டார். அதனால்தான் லேலண்ட் வாரந்தவறாமல் வந்து இந்தக் கூத்துக்கெல்லாம் ஆடினான்.

காதில் சொல்லச் சொன்னார்கள் அல்லவா, சொன்னான். மனப்பாரத்தை அல்ல. தன் பஸ் நிற்கும் இடங்களை வரிசையாகச் சொன்னான். யோடர் வீட்டு முக்கு, உடைந்த காற்றாலை, பால் பண்ணை, தேவாலயத்துக்குப் பின்னால் இரட்டையர் வீடு. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. தூரத்திலிருந்து அவன் உதடு அசைவதைப் பார்த்த மெரிடித் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் பண்ணையின் இணையப் பக்கத்தில் அந்தப் படம் வந்தது. ஒரு சார்ஜென்ட் மேஜரிடம் மனம் திறக்கிறார் என்று அடியில் எழுதியிருந்தது.

இப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தான். ஆனால் ஒரு வியாழக்கிழமை, காற்று அடித்துப் புல் சாய்ந்து கிடந்த நேரத்தில், உடைந்த காற்றாலைக்கு வந்ததும் நாக்கு நின்றுவிட்டது. ஈராக்கில் ரமாதிக்கு வெளியே ஒரு சாலை. முன் வண்டி அவனுடையது. நடுவில் ஒரு கோணிப்பை கிடந்தது. குப்பைதான் என்று நினைத்து ஒதுங்கிப் போனான். பின்னால் வந்த வண்டி ஒதுங்கவில்லை, பைக்குள் இருந்த குண்டு வெடித்தது. அதில் அவன் கூட்டாளி டோபின் இருந்தான். அன்று காலையில் லேலண்டின் சாக்ஸைத்தான் கடன் வாங்கிப் போட்டிருந்தான். வயர்லெஸ்ஸில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பை கிடக்கிறது என்று. அந்த ஒரு வார்த்தையை அவன் சொல்லவில்லை. இதை அவன் பெண்டாட்டியிடமும் சொன்னதில்லை, டோபினின் அம்மாவிடமும் சொன்னதில்லை. அன்று குதிரையிடம் சொன்னான்.

குதிரை தலையைத் தாழ்த்தி அவன் தோளில் வைத்தது. கழுத்தில் சூடாக மூச்சு விட்டது. லேலண்ட் அழுதான், வெட்கங்கெட்டு அழுதான். அன்றிரவு விடியும்வரை தூங்கினான். காலையில் எழுந்து உட்கார்ந்து யோசித்தபோது மகா எரிச்சலாக வந்தது. அந்த வீடு விற்கிறவள் சொன்னது நிஜமாகிவிடும் போலிருந்தது. 'இந்தக் கழுதை நான் சொன்னதையெல்லாம் கேட்டிருக்கு' என்று நினைத்தான். அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டான். ஆனாலும் அடுத்த வாரம் ஆப்பிள் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

அக்டோபரில் நன்கொடை விழா வந்தது. ஒமஹா, லிங்கன் நகரங்களிலிருந்து பணக்காரர்கள் வருவார்கள், அவர்கள் முன்னால் வீரர்கள் தத்தம் குதிரையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்க வேண்டும், ட்ரூடி எல்லோர் முன்னிலையிலும் லேலண்டிடம் பஸ் சாவியைக் கொடுக்க வேண்டும். இது மெரிடித்தின் ஏற்பாடு. அதுவரைக்கும் சரி. பிறகுதான் அவள் அதற்கெல்லாம் மகுடம் வைத்தாள். முன்னாள் படைவீரர் சங்கத்துப் பெரியவர்கள் வந்து, வீரர்களைக் கௌரவிக்க மூன்று சுற்று துப்பாக்கியால் சுடுவார்களாம்.

எவனுக்காவது இப்படித் தோன்றுமா? வெடிச்சத்தம் கேட்டால் உடம்பு ஆடுகிறவர்களை மாசக்கணக்காகக் கூட்டிவைத்துத் தேற்றியாயிற்று, இனி அவர்களுக்குப் பக்கத்தில் துப்பாக்கியை வெடித்து மரியாதை செய்யலாம் என்று! கூடவே நாலு குதிரைகளையும் நிறுத்தி வைத்து! ஆனால் அந்த நாட்டில் இதில் தப்பு இருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை. கொடியைப் பார்த்தாலே நெஞ்சில் கை வைக்கிற கூட்டம், துப்பாக்கிச் சத்தம் இல்லாத மரியாதை அவர்களுக்கு உப்பில்லாச் சோறு மாதிரி.

"அது செத்தவனைப் புதைக்கிறப்போ சுடறது," என்றார் ஆர்வில். "நாம இன்னும் சாகலைன்னு அந்தம்மாகிட்ட யாராவது சொல்லுங்கப்பா."

லேலண்ட் போய்ச் சொன்னான். வெற்றுத் தோட்டாதானே என்று மெரிடித் சிரித்தாள். தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது தன் காதுக்குத் தெரியாது, குதிரைகளின் காதுக்கும் தெரியாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயத்த நேருக்கு நேரா பாக்க வேண்டிய நேரம் இது, லேலண்ட். மேஜர் உங்களத் தாங்குவான். நீங்க நிக்கலேன்னா, இன்னும் தயாராகலைன்னுதானே ட்ரூடிகிட்ட நான் சொல்ல வேண்டியிருக்கும்?"

தேன் தடவிய கத்தி என்பது இதுதான். நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தான்.

விழா நாளன்று மேட்டின் சரிவு முழுக்கப் புதுத் தொப்பிகள். ஒரு தொப்பியிலும் வியர்வைக் கறை கிடையாது. மாட்டைத் தட்டில் தவிர வேறெங்கும் பார்த்திராத மனிதர்கள் பளபளக்கும் பூட்ஸ் போட்டுக்கொண்டு, சாணியைத் தாண்டித் தாண்டி வந்து, வீரர்களின் கையைக் குலுக்கி, உங்கள் சேவைக்கு நன்றி என்று சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் சாப்பாட்டு மேஜைக்குப் போனார்கள். ஒரு அம்மாள் லேலண்டைத் தாண்டிப் போய் மேஜருக்கு நன்றி சொன்னாள். ட்ரூடி முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தனக்குப் பொருந்தாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவர் முதுகிலேயே தெரிந்தது.

லேலண்ட் மேஜரின் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டான். மனதுக்குள் பஸ் நிற்கும் இடங்களைச் சொல்ல ஆரம்பித்தான். யோடர் வீட்டு முக்கு. உடைந்த காற்றாலை.

முதல் சுற்று வெடித்தது.

அடுத்து என்ன நடந்தது என்று அவனுக்கு நினைவில்லை. நினைவு திரும்பியபோது குதிரையின் வயிற்றுக்கு அடியில், தலையைக் கையால் மூடிக்கொண்டு, வாய் நிறைய மண்ணோடு கிடந்தான். இரண்டாவது சுற்று. கத்தினானா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற மூன்று குதிரைகளும் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு கார்கள் நிற்கும் பக்கம் பாய்ந்தன. ஆர்வில் சில்லிப் பானை வைத்த மேஜைக்கு அடியில் நுழைந்துவிட்டார். கூட்டத்தில் யாரோ அலறினார்கள். சங்கத்துப் பெரியவர்களோ கண்ணை நேரே வைத்துக்கொண்டு மூன்றாவது சுற்றையும் முறைப்படி சுட்டு முடித்தார்கள்.

மேஜர் மட்டும் அசையவில்லை.

லேலண்ட் மண்ணிலிருந்து தலையைத் திருப்பி மேலே பார்த்தான். குதிரை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. மூன்றாவது சுற்று வெடித்தபோது அவன் அதன் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் காது மடங்கவில்லை, விறைக்கவில்லை, சும்மா தொங்கியது. விலாவில் ஈ உட்கார்ந்தபோதுதான் தோல் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பைப் பார்த்த நொடியில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கூப்பிட்டால் திரும்பாதது. பின்னாலிருந்து தொட்டால் துள்ளியது. இதயம் கூப்பிட வேண்டுமாம், பழைய காயமாம், வெங்காயமாம். இந்தக் குதிரைக்கு இரண்டு காதும் டமாரம்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. மண்ணில் கிடந்தபடியே தோள் குலுங்கச் சிரித்தான். பார்த்தவர்கள் அழுகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மெரிடித் லேசுப்பட்டவள் அல்ல. மூன்று குதிரைகள் கார்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருக்கின்றன, ஒரு கிழவர் மேஜைக்கடியில் கிடக்கிறார், அவள் மைக்கைக் கையில் எடுத்தாள். "பாருங்க," என்றாள், குரல் தழுதழுக்க. "தன் வீரன் கீழ விழுந்தப்பவும் மேஜர் அவனவிட்டு ஒரு அடி நகரல. லேலண்ட் எங்க போனார் பாத்தீங்களா? ஓடல. தன் உயிரக் கொண்டுபோய் மேஜரோட காலடியில வெச்சார். இதுக்குப் பேர்தான் நம்பிக்கை." கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கைதட்டிக்கொண்டே பேனாவைத் தேடியது. பட்டு ரிப்பனில் கோர்த்த பதக்கம் ஒன்று எங்கிருந்தோ வந்து குதிரையின் கழுத்தில் ஏறியது. புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்த சார்ஜென்ட்டை நகர்ந்து நிற்கச் சொன்னார்கள், போட்டோவில் மேஜரை மறைத்தானாம்.

பிறகு ட்ரூடி வந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. லேலண்டுக்கு அதுதான் பொறுக்கவில்லை, இந்தப் பம்மாத்து இவரையும் ஏமாற்றிவிட்டதே என்று. சாவியை அவன் கையில் வைத்தார். மெய்ஸி பின்னிக் கட்டிய ஊதாக் கயிறு இன்னும் அதில் தொங்கியது. கூட்டம் மறுபடி கைதட்டியது. சாவியை அவன் இறுக்கி மூடிக்கொண்டான். இனி வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், திங்கட்கிழமை விடியும்போது யோடர் வீட்டு முக்கில் பூனைக் கதை கேட்கலாம். வாயைத் திறந்து நாசமாய்ப் போனவர்கள் உண்டு, மூடிக்கொண்டு கெட்டவன் யார்? அவனுக்கு அந்த பஸ் வேண்டும். இந்த உலகத்தில் அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

கூட்டம் கேக் பக்கம் நகர்ந்தது. லேலண்ட் மேஜரைத் தண்ணீர்த் தொட்டிக்கு நடத்திக்கொண்டு போனான். ட்ரூடியும் கூட வந்தார்.

"அடுத்த வாரம் ஃபெசன்ட் காட்டுக்கோழி வேட்டை ஆரம்பிக்குது," என்றான் லேலண்ட்.

"ஆமா. அதுக்கென்ன?"

காலை நேரத்தில் சாலையோரத்து வயல்களிலெல்லாம் துப்பாக்கி வெடிக்கும். போன வருஷம் ரேடியோவை அலறவிட்டு, பல்லைக் கடித்து ஓட்டிச் சமாளித்தான். வெடிச்சத்தம் தூரத்தில் கேட்டதால் பிழைத்தான். இன்று பக்கத்திலேயே வெடித்தது. கை அவன் சொன்னதைக் கேட்கவில்லை. பிடித்திருந்த கயிற்றை விட்டுவிட்டது. ஸ்டீயரிங் என்றாலும் விட்டிருக்கும்.

அவன் மேஜரின் காதுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் படீரென்று தட்டினான். ட்ரூடி திடுக்கிட்டு ஒரு அடி பின்னால் போனார். குதிரை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை, இன்னும் பலமாகத் தட்டினான். அது தலையைக்கூடத் தூக்கவில்லை.

ட்ரூடி குதிரையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். தூரத்தில் மெரிடித் பதக்கத்தின் கதையை இன்னொரு தொப்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

லேலண்ட் சாவியை அவர் கையில் திருப்பி வைத்தான். ஊதாக் கயிறு விரலில் சிக்கிக்கொண்டது, அதைப் பிரித்தெடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"குதிரை செவிடு மேடம். நான் செவிடு இல்ல."

ட்ரூடி சாவியைக் கைப்பையில் போட்டார். ஜிப்பை இழுத்து மூடினார். கிளம்பப் போனவர் நின்றார்.

"அப்ப இத்தன மாசமா நீ யாருகிட்டப்பா பேசிட்டிருந்த?"

 ட்ரூடி போன பிறகு லேலண்ட், குதிரை பயந்துவிடாமல் இருக்கத் தொட்டியைச் சுற்றி அதன் கண்ணில் படும்படி முன்பக்கமாகப் போய் நின்றான். அது தண்ணீர் சொட்டும் முகத்தைத் தூக்கிப் பார்த்தது. கழுத்திலிருந்த பதக்கத்தைக் கழற்றித் தொட்டிக்குள் போட்டுவிட்டு, யோடர் வீட்டு முக்கு என்று ஆரம்பித்தான்.